ஹெர்ன் வாத்தியாரும் உருபில்லாத ஜப்பானிய மொழியும்

ஜப்பானுக்கு இங்கிலீஷ் வாத்தியாராப் போனவங்கள்ல எனக்கு முதல்ல நினைவுக்கு வருபவர் லஃப்காடியோ ஹெர்ன். 1890 ஏப்ரலில் யோகோஹாமாவில் இறங்கியபோது வயது 39. ஒரு கண்ணில் பார்வை இல்லை. பத்திரிகைக்கு எழுதத்தான் வந்தார்; அந்த ஏற்பாடு சீக்கிரமே முறிஞ்சுபோச்சு.

ஆகஸ்ட் கடைசியில் மட்சுயே ஊர்ப் பள்ளி வேலைக்கு வந்து சேர்ந்தார். மாசம் 100 யென். குளிர் தாங்காமல் படுத்துவிட்டார். வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்தவர் செட்சு, நொடித்துப்போன சாமுராய் குடும்பத்துப் பெண். பிறகு மனைவியானார்.

இவருக்கு ஜப்பானிய மொழி தெரியாது, அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால் உருபும் இல்லாமல், வினை விகுதியும் இல்லாமல் தங்களுக்குன்னு ஒரு மொழியை உண்டாக்கிக்கிட்டாங்க. செட்சு பழங்கதைகளைச் சொல்லும்போது, 'புத்தகத்தைப் பார்க்காதே, உன் வார்த்தையில் சொல்லு' என்பாராம். 'க்வைதான்' பேய்க்கதைத் தொகுப்பில் பல கதைகள் அப்படி வந்தவைதான்.

1891-இல் குமமோட்டோ, சம்பளம் இரட்டிப்பு. 1896-இல், தனக்குப் பின் மனைவி மக்கள் தவிக்கக் கூடாதுன்னு ஜப்பானியக் குடிமகனாகி கொய்சுமி யாகுமோ ஆனார். அதே ஆண்டு டோக்கியோ பல்கலைக்கழகத்தில் வேலை. 1903-இல் அது போனது. மாணவர்கள் எதிர்த்தும் பலனில்லை. அவர் இடத்துக்கு வந்தவர்களில் ஒருவர் நட்சுமே சோசெகி.

மறு வருஷம் செப்டம்பரில் ஹெர்ன் இறந்தார். பேர், குடியுரிமை எல்லாத்தையும் மாத்திக்கிட்டவருக்கு வேலை நிலைக்கலை. நிலைச்சது அந்த அரைகுறை மொழியில் கேட்ட கதைகள்தான்.