புகை வண்டி

புகை வண்டி என்றால் நமக்கு ரயில்தான். நிலக்கரி தின்று ஓடிய இயந்திரங்கள் ஓய்ந்து பல வருஷங்களாகியும், தமிழ் அந்தப் பெயரை விட மனமில்லாமல் வைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் புகைக்காகவே கட்டிய வண்டி ஒன்று உலகத்தில் உண்டு. அது ஊர் போய்ச் சேருவதற்காகப் புகைவதில்லை. ஊர் போய்ச் சேர்ந்த பிறகு, நிழலான இடம் பார்த்து நின்றுகொண்டு, ராத்திரி முழுவதும் புகைந்துகொண்டிருக்கும். அமெரிக்காவில், முக்கியமாக டெக்ஸாஸ் பிரதேசத்தில், மோட்டார் வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகும் இறைச்சி அடுப்பு அது. கடையில் விலைக்கும் கிடைக்கிறது. இருந்தாலும் அதைத் தன் கையாலேயே கட்டிக்கொள்வதுதான் அங்கே பெருமை.

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட வானம் பார்த்த பூமியில் வளர்ந்த எனக்கும் டெக்ஸாஸ் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். மரச் சம்பந்தம்தான். குமாரலிங்கபுரத்தில் நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் கண்ணில் படுகிற சீமைக் கருவேலம் இருக்கிறதே, அதன் சொந்தச் சகோதரியைத்தான் அங்கே அந்த அடுப்பில் வைத்து எரிக்கிறார்கள். மெஸ்கீட் என்பது அவர்கள் வைத்த பெயர். அந்தப் புகைக்கென்று தனி ருசி உண்டு என்று அடித்துச் சொல்கிறார்கள்.

மரம் இங்கே வந்து சேர்ந்த கதை பஞ்சத்தோடு பிணைந்தது. 1876-ஆம் வருஷம், தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய காலம். சென்னை ராஜதானியின் வன அதிகாரி பெட்டோம் என்ற வெள்ளைக்காரர், மழை குறைந்த ஜில்லாக்களின் விறகுத் தேவைக்கு இந்த மரத்தின் விதை வேண்டும் என்று அரசாங்கத்துக்கு எழுதினார். ஜமைக்காத் தீவிலிருந்து விதை வந்தது. அடுத்த ஒன்றிரண்டு வருஷங்களில் கடப்பை ஜில்லா கமலாபுரத்தில் ஊன்றினார்கள். நம் பக்கத்தில் அது காடாகப் பெருகியது சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகுதான். மனிதன் தூவியது கொஞ்சம். ஆடும் மாடும் நெற்றைத் தின்று சாணத்தோடு விதைத்தது அதிகம். டெக்ஸாஸில் நடந்ததும் இதேதான். அங்கே அது பிறந்த மண்ணின் மரம். என்றாலும் மாட்டு மந்தைகள் பெருகியபோது மேய்ச்சல் நிலமெல்லாம் மெஸ்கீட் முளைத்து, பண்ணைக்காரர்கள் அதைச் சபித்துக்கொண்டே வேரோடு பறித்தார்கள். பறிப்பது லேசான காரியமல்ல. அரிஸோனாவில் ஒரு சுரங்கம் தோண்டியபோது, 50 மீட்டருக்கும் கீழே இந்த இனத்து மரத்தின் வேர் தென்பட்டது. நம் ஊர்க் கிணறுகளில் எத்தனை அந்த ஆழத்தை எட்டியிருக்கும்?

இனி அடுப்புக்கு வருவோம். பார்பெக்யூ என்ற சொல் கரீபியத் தீவுகளின் பூர்வகுடிகளிடமிருந்து ஸ்பானியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. நான்கு கால் நட்டு, மேலே கம்புகளைப் பரப்பிய மேடைக்கு அது பெயர். கம்பங்கொல்லையில் குருவி விரட்ட நாம் கட்டுகிற பரண்தான். அந்தப் பரணில் இறைச்சியையும் மீனையும் பரப்பி, கீழே சிறு தீ மூட்டிப் புகை காட்டுவார்கள். நம் கரிசலில் வெயிலே அடுப்பு. உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்துக் கட்டினால், உப்புக்கண்டம் தானாகக் காய்கிறது; புகைக்கு வேலையில்லை. ஈரக் காற்றடிக்கும் தீவுகளில் வெயிலை மட்டும் நம்பியிருக்க முடியாது. மாலத் தீவிலிருந்து வரும் மாசிக்கருவாட்டை வேகவைத்து, புகைபோட்டு, பிறகுதான் காயவைக்கிறார்கள்.

அமெரிக்காவின் தென்பகுதியில் அடுப்பு பூமிக்குள் இறங்கியது. நீளமாகக் குழி வெட்டி, விறகை எரித்துக் கங்காக்கி, மேலே கம்பு பரப்பி, இரவு பகலாக முழு விலங்கை வாட்டினார்கள். எஜமான்கள் விருந்து கொடுத்ததாகச் சரித்திரம் எழுதியிருக்கிறது. ராத்திரி கண் விழித்துக் கங்கு தள்ளியவர்கள் கறுப்பு அடிமைகள். அந்தக் கலையை வளர்த்த கைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் இல்லை. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

சமையலுக்குச் சக்கரம் முளைத்தது 1866-இல். சார்லஸ் குட்நைட் என்ற மாட்டுப் பண்ணைக்காரர், நூற்றுக்கணக்கான மைல் மந்தை ஓட்டிப்போகும் ஆட்களுக்குச் சோறு போடுவதற்காக, பட்டாளத்துப் பழைய வண்டி ஒன்றை வாங்கிப் பின்பக்கம் அலமாரி பொருத்தினார். மாவு, அவரைக் கொட்டை, காப்பித் தூள், பாத்திரம் எல்லாம் அதற்குள். இறக்கிவிட்டால் அலமாரியின் கதவே சமையல் மேஜை. ஆனால் நெருப்பு மட்டும் இன்னும் தரையில்தான் இருந்தது.

நெருப்பை வண்டியில் ஏற்றிவைத்தது எண்ணெய். டெக்ஸாஸில் பெட்ரோலியம் கிடைத்த பிறகு, அந்தப் பிரதேசம் முழுவதும் தடித்த இரும்புக் குழாய்களும், காலிப் பீப்பாய்களும், அவற்றைப் பற்றவைக்கத் தெரிந்த தொழிலாளிகளும் நிறைந்தார்கள். வேலை முடிந்த சாயங்காலங்களில் வெல்டர் சும்மா இருப்பானா? கழித்துப் போட்ட குழாயில் அவன் ஓர் அடுப்பைக் கண்டான். 1963 டிசம்பர் 29-இல் ஜனாதிபதி ஜான்ஸன், ஜெர்மானியப் பிரதமர் எர்ஹார்டுக்கு டெக்ஸாஸின் ஸ்டோன்வாலில் அரசாங்க விருந்தையே பார்பெக்யூவாகக் கொடுத்தார். வால்டர் ஜெட்டன் என்ற சமையல்காரரின் பெயர் பத்திரிகைகளில் வந்தது. 1978-இல் மெம்ஃபிஸ் நகரத்தில் ஆண்டுப் போட்டி ஆரம்பமாயிற்று. இப்படிப் போட்டிகள் பெருகப் பெருக, அடுப்பை ஊர் ஊராக இழுத்துப்போக வேண்டிய அவசியமும் பெருகியது.

கட்டுகிற விதம் ரசமானது. வாயு அடைத்திருந்த பழைய தொட்டியோ, கனத்த எண்ணெய்க் குழாயோ உடம்பு. வாயுத் தொட்டியை அப்படியே அறுக்கத் தொடங்கினால், உள்ளே தங்கிய வாயு வெடித்து ஆளையே கொண்டுபோய்விடும். ஆகவே நன்றாகக் கழுவி, தண்ணீர் நிரப்பிக்கொண்டு அறுப்பார்கள். ஒரு நுனியில், சற்றுத் தாழ்வாக, நெருப்புப் பெட்டி. மறு நுனியில் புகைபோக்கி. நடுவில் கம்பி வலைமேல் இறைச்சி. தீ இறைச்சியின் அடியில் இல்லை, பக்கத்து அறையில் இருக்கிறது. சூடும் புகையும் மட்டும் இறைச்சியைத் தடவிக்கொண்டு போகின்றன. இதுதான் சூட்சுமம். கதவு வெட்டுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. வளைந்த இரும்பை முழுக்க வெட்டிவிட்டால் அது விறைத்து விரிந்து, பிறகு வாயோடு பொருந்தாது. அதனால் பாதி வெட்டியவுடன் கீல்களைப் பற்றவைத்துவிட்டு, மிச்சத்தை வெட்டுகிறார்கள். துத்தநாகம் பூசிய தகட்டை உள்ளே சேர்ப்பதில்லை. சூடானால் அதன் ஆவி கெடுதல்.

பிறகு எல்லாவற்றையும் அச்சின்மேல் ஏற்ற வேண்டும். இங்கே நம் ஊர் வண்டிக்காரர் யாரையும் கூப்பிட்டு யோசனை கேட்கலாம். முன்பாரம் பின்பாரம் தெரியாதவன் வண்டி கட்டக்கூடாது. பின்பாரமானால் இழுவை வண்டி பாதையில் வாலாட்டும். முன்பாரம் மிஞ்சினால் இழுக்கிற மோட்டாரின் முதுகை அழுத்தும். நெருப்புப் பெட்டியின் கனத்தை எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான் கட்டுகிறவனின் கெட்டிக்காரத்தனம். அப்புறம் பொறுமை. மாட்டின் நெஞ்சுக்கறி போன்ற முரட்டுக் கறி, 110 முதல் 120 டிகிரி சூட்டில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கிடந்தால்தான் நாரெல்லாம் இளகிக் குழையும். இரவெல்லாம் ஒருவன் விழித்திருந்து விறகு போட வேண்டும். வெண்புகை கனத்துக் கிளம்பினால் கறி கசக்கும். மெல்லிய நீலப் புகை வந்தால் சரி.

நீலப் புகை என்று படித்தவுடன் எனக்குக் குமாரலிங்கபுரத்துப் பக்கத்துக் கரிமூட்டங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. கருவேலங்கட்டைகளை அடுக்கி, வைக்கோலும் தழையும் போர்த்தி, மேலே மண் மூடித் தீ வைத்துவிடுவார்கள். டெக்ஸாஸ் அடுப்புக்குக் காற்று வேண்டும். மூட்டத்துக்குக் காற்று ஆகாது. ஒரு விரிசல் விட்டால் கட்டை சாம்பலாகிவிடும். நாலைந்து டன் விறகு வெந்தால் ஏறக்குறைய ஒரு டன் கரி. ஒரு மூட்டத்தடியில் காவலிருந்த முதியவரிடம், வெந்துவிட்டது என்று எப்படி அறிவீர்கள் என்று கேட்டேன்.

“புகை வெள்ளையா வர்ற மட்டும் கட்டையில ஈரம் இருக்குன்னு அர்த்தம் தம்பி. நீலம் பாஞ்சுதுன்னா வெந்துருச்சு. அந்நேரம் ஒறங்கிட்டம்னா எல்லாம் சாம்பல்தான்” என்றார்.

“இந்தக் கரி எங்கே போகிறது, அண்ணாச்சி?”

“லாரியில ஏத்துறதோட நம்ம சோலி முடிஞ்சுபோச்சு. அங்கிட்டு யாரு கண்டா?”

எங்கோ நகரத்து ஹோட்டலின் இரும்புத் தட்டில் கோழியை வாட்டுவதும், இஸ்திரிப் பெட்டிக்குள் கங்காகக் கிடப்பதும் இந்த மாதிரிக் கரிதான். டெக்ஸாஸில் கண் விழித்துப் புகையைப் படிப்பவனுக்குக் கோப்பையும் கைதட்டலும் கிடைக்கின்றன. இங்கே அதே புகையைப் படிப்பவருக்குத் தன் கரி எந்த அடுப்பில் எரிகிறது என்றுகூடத் தெரியாது.

நெருப்பைச் சக்கரத்தில் ஏற்றும் வித்தை நமக்குப் புதிதல்ல. இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, தமிழ்நாட்டு பஸ்கள் கரியில் ஓடின. மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் நிறுவனத்தார் கரிவாயுக் கருவியைத் தயாரித்தார்கள். பஸ்ஸோடு பொருத்திய உருளைக்குள் கரி போட்டு, காற்றைக் குறைத்து எரித்து, அதில் பிறக்கும் வாயுவை வடிகட்டி இயந்திரத்துக்கு அனுப்புகிற ஏற்பாடு. புறப்படுமுன் ஒருவர் விசிறியைச் சுற்றித் தீயை உசுப்ப வேண்டும். வழியில் நிறுத்திக் கிளற வேண்டும். மேட்டில் பிரயாணிகள் இறங்கி நடந்ததும் உண்டு என்று பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். கையில் கிடைத்ததைக் கொண்டு காரியத்தை நடத்துகிற புத்தி, டெக்ஸாஸ் வெல்டரிடமும் மதுரைப் பட்டறைக்காரரிடமும் ஒன்றுதான்.

இப்போது மரத்துக்கே வழக்கு வந்துவிட்டது. கண்மாய்களை அடைத்துக்கொண்டு, மற்றச் செடிகளை வளரவிடாமல் செய்கிறது என்று 2017-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அப்புறப்படுத்தச் சொன்னது. அதே வருஷம் சென்னையில் அதற்குத் தடையும் பிறந்தது. 2022-இல் தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களைக் களைவதற்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. கண்மாய்க்குள் இருக்கும் மரம் போக வேண்டியதுதான். அதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் முள் நிற்கக்கூடாது. ஆனால் மழை பொய்த்த வருஷங்களில் இந்த முள்ளை வெட்டித்தான் எத்தனையோ வீடுகளில் உலை கொதித்தது. மரத்தை வெட்டுகிற கணக்கில், அதை நம்பியிருக்கிற ஜனங்களையும் ஒரு வரியாவது எழுதிவைக்க வேண்டாமா?

புகையைப் பார்த்தே கட்டையின் உள்ளத்தை அறிகிறவர் சாதாரண ஆள் அல்ல. அமெரிக்காவின் அடிமைச் சமையல்காரர்களின் பெயர்களை இன்றைக்கு அங்குள்ள சரித்திரக்காரர்கள் பழைய காகிதங்களில் தேடி அலைகிறார்கள், பெரும்பாலும் கிடைப்பதில்லை. நம் மூட்டக்காரர்களைப் பற்றி எழுதுவதற்கு அப்படி அலைய வேண்டியதில்லை. அவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; போய்க் கேட்டால் சொல்வார்கள்.