அறிவை இணைத்த சீர்காழி மைந்தர்



விழா மலரில் வரலாற்றுக் கட்டுரை என்றால், சோழன் கடாரம் கொண்ட கதையைத்தான் பலரும் எதிர்பார்ப்பார்கள். இங்கே சொல்லப் போவது வாளும் கப்பற்படையும் இல்லாமல், ஒரு நூலகத்து மேசையில் கிடைத்த வெற்றியின் வரலாறு. அந்த வெற்றிக்கும், இன்று பல்கலைக்கழகங்களில் நடத்தப்படும் ஒரு புதிய கணினிப் படிப்புக்கும் உறவு உண்டு. அந்தப் படிப்புக்கும் மலாக்காத் தோட்டத்துக் குடும்பங்களுக்கும்கூட உறவு உண்டு. எப்படி என்று பார்ப்போம்.

அதென்ன படிப்பு?

நம்ம பிள்ளை ஒன்று எஸ்.டி.பி.எம். தேறி, "அம்மா, நான் யுனிவர்சிட்டியில நாலெட்ஜ் கிராஃப், செமாண்டிக் வெப் எல்லாம் படிக்கப் போறேன்" என்று சொன்னால் வீட்டில் என்ன கேட்பார்கள்? "அது என்னப்பா, டாக்டர் படிப்பா, லாயர் படிப்பா? அதைப் படிச்சா சோறு கிடைக்குமா?" என்றுதான் கேட்பார்கள். பெற்றவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான் அது.

முதலாவதை அறிவு வரைபடம் என்றும், இரண்டாவதைப் பொருளுணர் வலை என்றும் தமிழில் சொல்லலாம். பெயர்தான் பெரிசு, கருத்து நம் வீட்டுக் கல்யாணப் பந்தலிலேயே இருக்கிறது. பந்தலில் முன்பின் தெரியாத ஒருவரைக் காட்டி, "இவரு உன் அப்பாவைப் பெத்த தாத்தாவோட தம்பி மகன்" என்று பாட்டி சொன்னால் போதும். "அப்படின்னா எனக்குச் சித்தப்பா" என்று பத்து வயதுப் பிள்ளை கணக்குப் போட்டுவிடும். அவர் அப்பாவைவிட மூத்தவர் என்றால் பெரியப்பா என்றும் அதற்குத் தெரியும். சொன்ன உறவையும், தெரிந்த விதியையும் வைத்துக்கொண்டு, சொல்லாத செய்தியைப் பிள்ளை தானே கண்டுபிடித்துவிடுகிறது.

கணினிக்கு இது தானாக வராது. 'தாத்தா' என்பது அதற்கு வெறும் மூன்று எழுத்து. ஆகவே, "இவர் – மகன் – அவர்", "இந்த ஊர் – இருக்கும் மாநிலம் – மலாக்கா" என்று மூன்று உறுப்புள்ள சிறு வாக்கியங்களாக எழுதிக் கொடுக்கிறார்கள். இரண்டு முனை, நடுவில் உறவின் பெயர். இப்படி லட்சக்கணக்கில் சேரும்போது மீன்வலை போல முடிச்சும் நூலுமாக ஆகிவிடுகிறது. அந்த வலைதான் அறிவு வரைபடம். தோட்டத்துக் கிராணியின் செக்ரோல் பெயர்களை வரிசையாகச் சொல்லும். யாருக்கு யார் உறவு என்று சொல்லாது. அறிவு வரைபடம் உறவையும் சேர்த்துச் சொல்லும். இணையப் பக்கங்களில் இத்தகைய செய்திகளைப் பொறித்து, கணினியும் பொருள் அறிந்து படிக்கும்படி செய்வதே பொருளுணர் வலை.

கணக்கு வாத்தியார் நூலகரான கதை

உலகத்து அறிவையெல்லாம் எப்படிப் பிரிப்பது, எப்படி மீண்டும் இணைப்பது என்ற கேள்வி கணினிக்கு முன்பே பிறந்துவிட்டது. அதற்குப் புதுவழி கண்டவர்களில் தலைசிறந்தவர் ஒரு தமிழ்நாட்டுக்காரர். அவர்தான் சீர்காழியில் 1892-ஆம் ஆண்டு பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன்.

சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். திக்கிப் பேசும் குறையும் இருந்தது. ஊர்ப் பள்ளியில் படித்து, சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கணிதத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றுக் கணித ஆசிரியரானார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகம் அவரை நூலகராக அமர்த்தியது. வேலையில் சேர்ந்த சில நாட்களிலேயே சலிப்புத் தட்டிவிட்டது. பேச்சுத் துணைக்குக்கூட ஆளில்லாத அந்த அறையை விட்டு மீண்டும் பாடம் நடத்தப் போகிறேன் என்று நின்றார். "முதலில் லண்டனுக்குப் போய் நூலக முறைகளைப் பார்த்து வா, பிறகும் பிடிக்காவிட்டால் பழைய வேலைக்கே திரும்பலாம்" என்று ஏற்பாடாயிற்று.

லண்டனில் அவர் மனம் மாறியது. நூலகத்தால் ஒரு சமுதாயமே உயரும் என்பதைக் கண்ணால் கண்டார். அதோடு, அங்கே புத்தகங்களை அடுக்கிய முறையில் ஒரு குறையையும் கண்டார். அமெரிக்கரான மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட முறைப்படி, ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே ஓர் எண் உண்டு. புறாக்கூண்டு போல அறைகள் தயாராக இருக்கும். புத்தகம் அதற்குள் போய் உட்கார வேண்டும். ஒரே புத்தகம் நாலைந்து விஷயத்தைச் சேர்த்துப் பேசினால் எந்த அறையில் வைப்பது?

அதற்கு விடை ஒரு கடையில் கிடைத்தது. லண்டன் செல்ஃபிரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைக் கண்டார். துளையிட்ட சில உலோகத் துண்டுகளையும் திருகாணிகளையும் வைத்து வண்டியும் செய்யலாம், பாலமும் செய்யலாம். துண்டுகள் கொஞ்சம், செய்யக்கூடிய உருவங்களோ கணக்கில் அடங்காதவை. பொருள்களுக்கும் இப்படியே செய்தால் என்ன என்று அந்தக் கணித மூளைக்குத் தோன்றியது. துண்டுகளை இணைக்கும் திருகாணியாக முக்காற்புள்ளியை வைத்தார். அதனால் அம்முறைக்குக் 'கோலன் பகுப்பு' என்றே பெயர். 1933-இல் அது நூலாக வெளிவந்தது.

எந்தப் பொருளையும் ஐந்து முகமாகப் பார்க்கலாம் என்று பின்னர் வரையறுத்தார். தலைமைப் பொருள், அது ஆன மூலப்பொருள், அதில் நடக்கும் செயல், இடம், காலம் என்பவை அவை. நமக்குத் தெரிந்த உதாரணமே பார்ப்போமே! "1950-களில் மலாக்காவில் ரப்பர் மரத்து நோய் தடுத்தல்" என்று ஒரு புத்தகம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் மரம் தலைமைப் பொருள், நோய் தடுத்தல் செயல், மலாக்கா இடம், 1950-கள் காலம். மரத்தைத் தேடி வருகிறவருக்கும், மலாக்காவைத் தேடி வருகிறவருக்கும் அந்த ஒரே புத்தகம் கிடைக்க வழி பிறந்துவிட்டது.

மாட்டு வண்டியில் புத்தகம்

அடுக்குவதோடு அவர் நிற்கவில்லை. புத்தகம் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கே என்பது அவர் கொள்கை. 1931-இல் வெளியான அவருடைய நூலக அறிவியலின் ஐந்து விதிகளுக்கு அதுவே அடித்தளம். அதே 1931-இல் தஞ்சை மாவட்டத்து மன்னார்குடிப் பக்கத்தில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை என்னும் பொறியாளர் மாட்டு வண்டியிலே நூலகம் அமைத்து ஊர் ஊராக அனுப்பினார். வயலில் உழைக்கிறவன் நூலகத்துக்கு வர முடியாதென்றால், நூலகம் அவனிடம் போகட்டுமே!

1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததற்கும் இரங்கநாதன் பட்ட பாடு பெரிது. பின்னர் தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து, நூலகவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி ஏற்படச் செய்தார். 1962-இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் கீழ் பெங்களூரில் ஆவண ஆய்வு, பயிற்சி மையத்தைத் தொடங்கினார். 1972-இல் அங்கேயே காலமானார்.

அட்டைப் பெட்டியிலிருந்து கணினிக்கு

1989-இல் டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர், சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் உலகளாவிய வலைக்குத் திட்டம் தீட்டினார். அந்த வலை பக்கத்தோடு பக்கத்தை இணைத்தது; பொருளோடு பொருளை இணைக்கவில்லை. மூன்று உறுப்பு வாக்கியம் எழுதும் ஆர்.டி.எஃப். என்ற முறை 1999-இல் வலைத் தர அமைப்பின் பரிந்துரையாக வந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆர்.வி. குஹா, சென்னை ஐ.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் படித்தவர். 2001-இல் பெர்னர்ஸ்-லீயும் இரு நண்பர்களும் எழுதிய கட்டுரை 'செமாண்டிக் வெப்' என்ற பெயரை உலகறியச் செய்தது. கூகுள் நிறுவனம் 2012 மே மாதம் தன் அறிவு வரைபடத்தை அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில், யார் வேண்டுமானாலும் செய்தி சேர்க்கக்கூடிய விக்கித்தரவு பிறந்தது.

கணினிக்காரர்கள் தர்க்கம், செயற்கை அறிவு என்ற வழியாக இங்கே வந்தார்கள். நூலகத்தார் பகுப்பு முறை வழியாக வந்தார்கள். இரண்டு ஆறும் ஓரிடத்தில் கூடின. நூலகங்களின் பொருட்பட்டியல்களை வலையில் ஏற்றுவதற்கென்றே 2009-இல் ஸ்கோஸ் என்ற பொதுமுறை வந்தது. இரங்கநாதன் தொடங்கிய பெங்களூர் மையத்திலும் இன்று அறிவு வரைபடமும் பொருளுணர் வலையும் ஆராயப்படுகின்றன.

மலாக்காவுக்கு என்ன உறவு?

போர்த்துகீசியர் 1511-இல் மலாக்காவைப் பிடித்தபோது, இங்கிருந்த பெருவணிகர் நயினா செட்டிக்குப் பெண்டஹாரா பதவி கொடுத்தார்கள். அவர்கள் ஏட்டில் அவர் பெயர் 'நீனா சத்து'! இருவரும் ஒருவரே என்று கணினிக்கு யார் சொல்வது? விக்கித்தரவில் ஒவ்வொரு ஆளுக்கும் ஊருக்கும் பொருளுக்கும் ஓர் எண் கொடுத்து, எத்தனை மொழியில் எத்தனை பெயர் இருந்தாலும் அந்த ஒரே எண்ணின் கீழ் சேர்க்கிறார்கள். நயினா செட்டியைச் செட்டி சமூகத்தோடும், அச்சமூகத்தை 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயத்தோடும் இணைத்துவிட்டால், ஒன்றைத் தேடுகிறவனுக்கு மற்றதும் கிடைக்கும்.

இப்போது தோட்டத்துக்கு வாருங்கள். 1896-இல் தான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார் என்று புத்தகத்தில் இருக்கிறது. அடுத்து அவர் புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் கண்டதும் இருக்கிறது. ஆனால் இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போனவர்கள், நிரை பிடித்துப் பால் வெட்டியவர்கள், சொந்தக் காசு போட்டுக் கோயிலும் பள்ளியும் எழுப்பியவர்கள் பெயர் எங்கே? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. லயங்கள் இருந்த இடத்தில் தாமான்கள் எழுந்தன. பள்ளிகள் இடம் மாறின. எழுதி வைக்காத எதையும் எந்த வலையாலும் பிடிக்க முடியாது. தெரியாததைக் கேட்டால் இன்றைய கணினி சில சமயம் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிறது. நம் கதையை நாம் எழுதாவிட்டால், இட்டுக்கட்டிய கதையை நம் பேரப்பிள்ளை நம்ப நேரும்.

இந்த வேலைக்கு நம் நாட்டிலேயே முன்னோடி உண்டு. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக இருந்த தனிநாயகம் அடிகளார், 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடக்க முன்னின்றார். அதே ஆண்டு, தமிழியல் நூல்களுக்கு ஒரு வழிகாட்டிப் பட்டியலையும் தொகுத்து வெளியிட்டார். எந்த விஷயத்துக்கு எந்த நூல் என்று தேடுகிறவன் அலையக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

நாம் செய்ய வேண்டியது

மாணவச் செல்வங்களே, இந்தப் படிப்புக்கு மூன்று வேர்: கணிதம், தர்க்க அறிவு, மொழியறிவு. தமிழும் மலாயும் ஆங்கிலமும் படிக்கும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு மூன்றாவது வேர் ஏற்கெனவே ஊன்றியிருக்கிறது. கணிதத்தை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள்.

பெற்றோர்களே, சோறு கிடைக்குமா என்ற கேள்விக்கும் பதில் உண்டு. மருத்துவமனை, வங்கி, நூலகம், அரும்பொருளகம் என்று தகவல் குவிந்த இடமெல்லாம் அதை இணைத்துத் தர ஆள் தேவைப்படுகிறது. கணினித் துறை உள்ள பல்கலைக்கழகங்களும் தொலைவில் இல்லை. ஆயர் கெரோவில் மல்டிமீடியா பல்கலைக்கழக வளாகமும், டுரியான் துங்கலில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் நம் மலாக்காவிலேயே இருக்கின்றன.

பாட்டாளிப் பெருமக்களே, உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. பழைய படத்தின் பின்பக்கத்தில் பெயரும் ஆண்டும் தோட்டமும் எழுதி வையுங்கள். தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தத் தோட்டத்தில் பெயர் பதிந்தார், கோயிலுக்கு முதல் கல் யார் வைத்தார் என்று பிள்ளையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். ஆள், இடம், காலம், உறவு ஆகிய நான்கும் இருந்தால் போதும். நாளை படித்து வரும் பிள்ளை அதை வலையில் கோத்துவிடும். இந்த விழா மலரையும் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். நம் ஊர் வரலாற்றுக்கு இதுவும் ஒரு சான்று.

நூலக வேலை சலிப்பென்று ஓடப் பார்த்த ஒரு கணக்கு வாத்தியார், உலகத்துக்கே புதுவழி காட்டினார். இன்று பரிசு வாங்க மேடையேறும் பிள்ளைகளில் ஒருவர் அந்த வழியில் இன்னும் கொஞ்ச தூரம் போகட்டும்!

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!