குழந்தைகள் மருத்துவமனைகளில் தனி அறுவை அரங்கு, நவீன ஸ்கேன் வசதி: அவசியம் என்ன?

மும்பை பரேலில் 1929-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பாய் ஜெர்பாய் வாடியா மருத்துவமனையும், தில்லியில் 1956-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கலாவதி சரண் மருத்துவமனையும் குழந்தைகளுக்கென்றே உருவானவை. இத்தகைய மருத்துவமனைகளில் அறுவை அரங்குகளும் ஸ்கேன் கருவிகளும் புதுப்பிக்கப்படுவது நோயாளிகளின் உயிருடன் நேரடியாகத் தொடர்புடையது.

மூன்று கிலோ எடையுள்ள பச்சிளங்குழந்தையின் உடலில் உள்ள மொத்த இரத்தம் சுமார் 250 மில்லிலிட்டர் மட்டுமே. பெரியவர்களைப் பாதிக்காத சிறு இரத்த இழப்பும் அக்குழந்தைக்கு ஆபத்தாகலாம். உடல் வெப்பமும் விரைவில் குறையும். எனவே, கதகதப்பான அரங்கு, மெல்லிய சுவாசக் குழாய்கள், 3 மில்லிமீட்டர் அளவிலான நுண்துளை அறுவைக் கருவிகள், குழந்தைகளுக்கான மயக்க மருந்து நிபுணர் ஆகியவை தேவைப்படுகின்றன.

ஸ்கேன் பரிசோதனையிலும் தனிக் கவனம் வேண்டும். குழந்தைகளின் வளரும் திசுக்கள் கதிர்வீச்சால் எளிதில் பாதிக்கப்படக்கூடியவை. ஆகவே சிடி ஸ்கேன் எடுக்கும்போது, எடைக்கும் வயதிற்கும் ஏற்பக் கதிர்வீச்சின் அளவு குறைக்கப்படுகிறது. அல்ட்ராசவுண்ட், எம்ஆர்ஐ ஆகியவற்றில் இக்கதிர்வீச்சு இல்லை. எனினும், எம்ஆர்ஐ பரிசோதனை முடியும்வரை அசையாமல் இருப்பது சிறு குழந்தைகளுக்குக் கடினம் என்பதால், பலருக்கு மயக்க மருந்து அளிக்கப்படுகிறது. பச்சிளங்குழந்தைகளைப் பாலூட்டி, துணியால் சுற்றி உறங்கவைத்து, மயக்க மருந்தின்றியே படமெடுப்பதும் உண்டு.

உரிய நேரத்தில் எடுக்கப்படும் ஸ்கேன், சில வேளைகளில் அறுவை சிகிச்சையையே தவிர்க்க உதவுகிறது. குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்ளும் ‘குடல் செருகல்’ இதற்குச் சான்று. விட்டுவிட்டு வீறிட்டு அழுதல், வாந்தி, இரத்தம் கலந்த மலம் ஆகியவை இதன் அறிகுறிகள். அல்ட்ராசவுண்ட் மூலம் இதனை உறுதிசெய்த பின், ஆசனவாய் வழியே காற்று அல்லது உப்புநீரைச் செலுத்திப் பெரும்பாலான குழந்தைகளுக்குக் குடலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலும். தாமதமானால் இரத்த ஓட்டம் தடைபட்டு, அழுகிய குடல் பகுதியை அறுவை சிகிச்சை மூலம் அகற்ற நேரிடும்.

எனவே, கருவிகளை நிறுவுவதுடன் பணி நிறைவடைவதில்லை. நள்ளிரவில் கொண்டுவரப்படும் குழந்தைக்கும் உடனே ஸ்கேன் எடுத்து, அதனைப் பார்த்து முடிவெடுக்கும் கதிரியக்க மருத்துவரும், தேவைப்பட்டால் அறுவை செய்யும் குழுவும் எந்நேரமும் இருக்கும்போதே அவ்வசதிகள் முழுப் பயன் தரும்.