ஏட்டிலிருந்து இணையம் வரை

பாடியவர்களின் வரலாறு நம்மிடம் ஓரளவு உண்டு. பாட்டு ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் செவிக்கு எவ்வாறு சென்றது என்னும் வரலாற்றை நாம் அதிகமாக எண்ணிப் பார்ப்பதில்லை. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் அண்மையிலுள்ள எங்கள் இலத்தூரில், இன்று பள்ளிப் பிள்ளைகள் கைப்பேசியில் காணொளியைப் பார்த்தே பாட்டுக் கற்கின்றனர். 'ஆசான் இல்லாத கல்வி என்ன கல்வி?' என்று பெரியவர்கள் சிலர் வருந்துகின்றனர். அவ்வருத்தம் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் இருந்தது செவிவழிக் கல்வி. தென்காசியை அடுத்த மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர், பதினெட்டாம் நூற்றாண்டில் குற்றாலக் குறவஞ்சியை இயற்றினார். சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கழுகுமலை முருகன்மீது காவடிச்சிந்து பாடினார். சொற்கள் ஏட்டில் இருந்தன. மெட்டு மனிதர் தொண்டையில் இருந்தது. காவடி எடுத்து நடப்போரில் ஒருவர் முன்பாட, மற்றவர் பின்பாடினர். அப்படியே பாட்டு ஊர்விட்டு ஊர் சென்றது. ஆனால் முறையான சங்கீதத்தைக் கற்க விரும்பியவன் குருவின் இல்லத்தில் தங்க வேண்டும். அந்த வாயில் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. குலமும் வறுமையும் பெண்ணாய்ப் பிறந்தமையும் பலரைத் திண்ணையிலேயே நிறுத்தின.

அடுத்து வந்தது அச்சு. 1904ஆம் ஆண்டில் எட்டையபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' வெளியாயிற்று. தெலுங்கு எழுத்தில் அச்சான அப்பெருநூலில் கீர்த்தனைகள் சுரப்படுத்தப்பட்டிருந்தன. கமகங்களைக் காட்டவும் தனிக் குறியீடுகள் அமைந்திருந்தன. மெட்டைத் தாளில் நிறுத்த முயன்ற அரும்பெரும் முயற்சி அது. ஆயினும் குறியைக் கண்டு குரலைக் கொணர்வதற்கு, முன்பே கேட்டறிந்த செவி தேவைப்பட்டது.

அந்தக் குறையை நீக்கியது இசைத்தட்டு. எடிசன் 1877இல் ஒலியைப் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்தார். 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியது தட்டிற் பதிவாயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் சேலம் கோதாவரி போன்ற தமிழ்நாட்டுப் பெண்டிரின் குரல்களும் தட்டில் ஏறின. எங்கள் பக்கத்தூரான செங்கோட்டை ஈன்ற எஸ்.ஜி. கிட்டப்பா 1906இல் பிறந்து, 1933இல் இருபத்தேழு வயதிலேயே மறைந்தார். நாடக மேடையில் அவரைக் கண்டவர்கள் ஒரு பங்கென்றால், அவர் மறைந்த பின் தட்டின் வாயிலாகவே அவரைக் கேட்டவர்கள் பல பங்கினர். மறைந்துவிட்ட ஆசானிடமும் பாடம் கேட்கலாம் என்ற நிலை மனித வரலாற்றில் அப்போதுதான் தோன்றியது.

ஆனால் தட்டு தன் நிபந்தனைகளையும் விதித்தது. ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்திற்குச் சற்று மேற்பட்ட பாட்டே அடங்கும். ஆலாபனையும் நிரவலும் சுருங்கின. சுருங்கிய வடிவமே முழுவடிவம் என்று கேட்டவர்கள் எண்ணினர். விரைவான பிருகாவைப் பிடிக்கத் தட்டின் சுழற்சியைக் குறைத்தாலோ, சுருதியும் உடன் இறங்கிவிடும். பாதி வேகத்தில் சுழற்றினால் குரல் ஒரு முழு ஸ்தாயி கீழே சென்றுவிடும்.

பின்னர் வானொலி வந்தது. சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் 1938இலும், திருநெல்வேலி நிலையம் 1963இலும் தொடங்கின. கச்சேரியும் இசைப்பாடமும் வீடு தேடி வந்தன. எனினும் காற்றில் வந்த பாட்டு காற்றோடு போயிற்று. தவறவிட்ட அடியைத் திரும்பக் கேட்க வழியில்லை. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் வெளியிட்ட ஒலிநாடாப் பேழை அவ்வழியைத் திறந்தது. பின்னாளில் அது சிற்றூர்களுக்கும் வந்தபோது, நாடாவைப் பின்னோக்கிச் சுழற்றிச் சுழற்றிக் கற்றவர்கள் என் தலைமுறையினர்.

2005ஆம் ஆண்டில் யூடியூப் தோன்றியது. இன்று அதில் ஒரு பாட்டைப் பாதி வேகத்தில் கேட்கலாம். ஆனால் சுருதி இறங்குவதில்லை. ஒலியை நுண்ணிய துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் உள்ள சுருதியை மாற்றாமல் கால அளவை மட்டும் நீட்டுவதே இதன் சூட்சுமம். பெல் ஆய்வுக்கூடத்தில் பிளானகன், கோல்டன் என்னும் இருவர் 1966இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு முன்னோடி. 2000இல் வெளியான ஆடாசிட்டி போன்ற இலவசச் செயலிகள், ஓர் அடியை மட்டும் வெட்டி எடுத்து இடையறாது ஒலிக்கச் செய்யவும், நம் குரலைப் பதிந்து ஒப்பிடவும் உதவுகின்றன. நூறு முறை கேட்டாலும் கருவி சலிப்பதில்லை. கேட்பவன் எக்குலத்தான், எவ்வளவு பொருளுடையான் என்று வினவுவதுமில்லை. திண்ணையில் நிறுத்தப்பட்டவர்களின் வரலாற்றை அறிந்தவர் இதை எளிதாக இகழமாட்டார்.

இனி, பெரியவர்களின் வருத்தத்திற்கு வருவோம். மாணாக்கன் பாடங்கேட்கும் முறையை நன்னூல் வகுத்துள்ளது. இருமுறை கேட்டால் பிழை குறையும். மூன்று முறை கேட்டால் முறையாக எடுத்துரைக்க வரும் என்கிறது. இவ்விரண்டையும் காணொளி தாராளமாகத் தருகிறது. ஆனால் ஆசான் உரைத்ததை நன்கு மனத்திற் கொண்டாலும் அது கால் பங்கே என்றும், உடன் பயில்வோரோடு பழகுவதால் ஒரு கால் பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப் பங்கும் வரும் என்றும் அந்நூல் மேலும் கூறுகிறது. ஆகவே காணொளி தரக்கூடியது கால் பங்கு. அது பாடிக் காட்டும். நாம் பாடுவதைக் கேட்டு, 'இந்த இடத்தில் மூச்சை விடாதே' என்று சொல்லாது. பழைய தட்டுகள் பல சரியான வேகத்தில் பதிவாகவில்லை. அவற்றை வலையேற்றும்போது வேகம் பிழைத்தால், கேட்பவன் தவறான சுருதியையே மூலச் சுருதி எனக் கொள்வான். ஆதலின் ஒரே பாட்டை இருவர் பாடக் கேட்டு ஒப்பிடுதல் வேண்டும். சொற்களை நூலோடு சரிபார்த்தல் வேண்டும். இறுதியில், அறிந்த ஒருவர் முன் அமர்ந்து பாடுதல் வேண்டும்.

இவற்றினும் பெரிய கவலை ஒன்று எனக்குண்டு. ஏட்டில் ஏறாத பாட்டு மனிதர் தொண்டையில் வாழ்ந்தது; தட்டில் ஏறாத பாட்டும் அவ்வாறே வாழ்ந்தது. இன்றோ இளைஞர் கற்பதெல்லாம் வலையிலிருந்தே என்றாகிவிட்டால், வலையில் ஏறாத பாட்டைக் கற்பாரிலர். கற்பாரில்லாத பாட்டு ஒரு தலைமுறையில் அழியும். நடுகைப் பாட்டும் தாலாட்டும் கும்மியும் அறிந்த மூதாட்டியர் எங்கள் வட்டாரத்தில் இன்னும் உள்ளனர். பிறர் பாட்டைக் கற்கப் பயன்படும் அதே கைப்பேசி, அவர்கள் பாட்டைப் பதியவும் வல்லது. மாணவர்கள் பாடுவோரின் இசைவைப் பெற்று, பாடியவர் பெயரும் ஊரும் நாளும் குறித்து அவற்றைப் பதிந்து வைத்தல் வேண்டும். பதிந்ததோடு நில்லாமல் அவர்கள் அருகமர்ந்து பின்பாடவும் வேண்டும். அப்போதுதான் அப்பாட்டு கருவியிலும் இருக்கும், தொண்டையிலும் இருக்கும்.