கத்தூன் வாவியும் குரங்குத் தீவுகளும்: ஒரு வரலாற்று நோக்கு

பனாமாக் கால்வாயைக் காணச் செல்லும் பயணிகளுட் பலர், கம்போவா என்னும் சிற்றூரை அண்டிய துறைகளிலிருந்து இயந்திரப் படகேறிக் கத்தூன் வாவிக்குள் உலாச் செல்வது இன்று பெருவழக்காகியுள்ளது. பெருங்கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் நீர்ப்பாதையை விட்டு விலகும் படகு, அடர்ந்த மரங்கள் மூடிய தீவுகளுக்கிடையே நுழைகின்றது. படகோட்டி இயந்திரத்தை நிறுத்தியதும் நீரின்மேல் தாழ்ந்த கிளைகளில் வெண்முகக் கப்புச்சின் குரங்குகள் தோன்றுகின்றன. துணிந்தவை படகின் கூரைமீதே பாய்ந்துவிடுகின்றன. தொலைவில் ஊளைக் குரங்குகளின் முழக்கம் கேட்கின்றது. மனிதன் கால் பதியாத ஆதிக் காடொன்றைக் கண்டுவிட்டதாகவே பயணி எண்ணுகின்றான்.

அவ்வெண்ணம் வரலாற்றுக்கு முரணானது. அவன் மிதந்து செல்லும் வாவிக்கு வயது நூற்றுப் பத்தாண்டுகளுக்குச் சற்று மேல். அவன் காணும் தீவுகள் ஒரு காலத்துக் குன்றுகளின் உச்சிகள். அக்குன்றுகளைச் சூழ்ந்த பள்ளத்தாக்கில் ஊர்கள் இருந்தன, தோட்டங்கள் இருந்தன, புகையிரத நிலையங்களும் சந்தைகளும் இருந்தன. அங்கு வாழ்ந்த மக்கள் எங்ஙனம் அகன்றனர், குரங்குகள் எங்ஙனம் எஞ்சின என்பன ஒருங்கே வைத்து நோக்கப்படவேண்டிய வினாக்களாகும்.

இவ்வாவி உருவாவதற்கு முன்னர் அங்கு ஓடியது சாக்ரெஸ் ஆறு. 1513இல் பல்போவா பனாமாப் பூசந்தியைக் கடந்து பசிபிக் கடலைக் கண்டான். 1519இல் பனாமா நகர் நிறுவப்பட்டது. அதன் பின்னர் பெரு நாட்டு வெள்ளி அத்திலாந்திக் கரையை அடைவதற்குச் சாக்ரெஸ் ஆறும் அதனோடு இணைந்த கழுதைப் பாதையும் முதன்மை வழிகளுள் ஒன்றாயின. 1849இல் கலிபோர்ணியாவிற் பொன் தேடி விரைந்தோரும் இவ்வாற்று வழியே படகேறிச் சென்றனர். 1850க்கும் 1855க்கும் இடையில் அமெரிக்க முதலாளிகள் இங்குப் புகையிரதப் பாதை அமைத்தனர். கத்தூன், கொர்கோனா, மத்தச்சின், எம்பெரடோர் முதலிய ஊர்கள் இவ்வாற்றையும் பாதையையும் சார்ந்து வளர்ந்தன. எனவே, இப்பள்ளத்தாக்கு உலக வணிகத்தோடு மூன்றரை நூற்றாண்டுகளுக்கு மேலாகப் பிணைந்திருந்ததொரு பிரதேசம் என்பது மனங்கொள்ளத்தக்கது.

1881இல் டி லெசெப்ஸ் தலைமையிற் பிரெஞ்சுக் கம்பனி கால்வாய் வேலையைத் தொடங்கியது. சுயெஸ் கால்வாயைப் போன்று கடல் மட்டத்திலேயே வெட்டிவிடலாம் என்பது அவர்தம் எண்ணம். ஆனால் மழைக்காலத்தில் ஒரே நாளிற் பல மீற்றர் உயரக்கூடிய சாக்ரெஸ் ஆறும், மலேரியாவும், மஞ்சட் காய்ச்சலும் அவ்வெண்ணத்தை முறியடித்தன. 1889இல் கம்பனி முறிவடைந்தது. அதற்குள் மாண்டோர் ஏறத்தாழ 22,000 பேர் என மதிப்பிடப்படுகின்றது.

1903 நவெம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் ஆதரவோடு பனாமா கொலம்பியாவிலிருந்து பிரிந்தது. ஏறத்தாழ இரு வாரங்களில் உடன்படிக்கையொன்று கைச்சாத்திடப்பட்டது. பனாமாவின் சார்பில் அதிற் கையொப்பமிட்டவர் பனாமியர் அல்லர். பூனோ-வரில்லா என்னும் பிரெஞ்சுக்காரர். அவ்வுடன்படிக்கையின்படி பத்து மைல் அகலமான நிலப்பகுதி கால்வாய் வலயம் என்னும் பெயரால் அமெரிக்காவின் கைக்குச் சென்றது. சாக்ரெஸ் ஆற்றை எதிர்த்துப் போராடுவதிலும் பார்க்க அதனை அணைகட்டித் தேக்கி, கப்பல்களைப் படிப்படியாக உயர்த்தி வாவியின் மீது செலுத்துவதே தக்கது எனப் பொறியியலாளர் ஸ்டீவன்ஸ் வாதிட்டார். 1906இல் அமெரிக்கக் காங்கிரஸ் அத்திட்டத்தை ஏற்றது.

கத்தூனிற் கட்டப்பட்ட மண் அணை ஏறத்தாழ 2.3 கிலோமீற்றர் நீளமும், அடியில் அரை மைலை அண்டிய அகலமும் கொண்டது. 1913 யூன் மாதத்தில் அதன் கதவுகள் மூடப்பட்டன. நீர் கடல் மட்டத்திலிருந்து 26 மீற்றர் உயரம்வரை ஏறியது. 425 சதுர கிலோமீற்றர் பரப்புடைய கத்தூன் வாவி, மனிதனால் ஆக்கப்பட்ட வாவிகளுள் அன்று உலகிலேயே பெரியதாயிருந்தது. 1914 ஓகஸ்ட் 15ஆந் தேதி கால்வாய் திறக்கப்பட்டது. இவ்வேலையின் பெரும்பாரத்தைச் சுமந்தோர் பார்படோஸ், யமேக்கா முதலிய மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர். அமெரிக்க வெள்ளையருக்குப் பொன்னிலும் இவர்களுக்கு வெள்ளியிலும் ஊதியம் வழங்கப்பட்டது. அப்பாகுபாடு ஊதியத்தோடு நில்லாது உணவகம், குடியிருப்பு, தபாற் கந்தோரின் வாயில் ஆகியவற்றிலும் நிலவியது.

வலயத்தின் ஊர்கள் மறைந்தமைக்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம் மிக எளிது: வாவி எழுந்தது, ஊர்கள் அமிழ்ந்தன. இக்கூற்று முழு உண்மையன்று. வாவியின் நீர் சில ஊர்களை மூடியது உண்மையே. ஆயின் 1912 டிசெம்பரில் அமெரிக்கச் சனாதிபதி டாஃப்ட் பிறப்பித்த ஆணை, வலயத்தின் நிலம் முழுவதையும் கால்வாயின் தேவைக்கென எடுத்துக்கொண்டது. அதன் பயனாக நீர் ஒருபோதும் எட்டாத ஊர்களும் வெறுமையாக்கப்பட்டன. எம்பெரடோர் இதற்குத் தக்க சான்று. அவ்வூர் கால்வாய் வெட்டப்பட்ட குன்றுப் பகுதியின் மேற்கே, வாவி மட்டத்துக்கு மேலே இருந்தது. மக்கள் அகற்றப்பட்ட பின்னர் அப்பிரதேசம் படைப்பயிற்சிக் களமாயிற்று. கொர்கோனா மக்களுட் பலர் பசிபிக் கரையிற் குடியேறினர். புதிய கொர்கோனா என்னும் பெயர் மட்டுமே பழைய ஊரின் நினைவாக எஞ்சியது.

பனாமிய வரலாற்றாசிரியை மரிக்ஸா லாசோ 2019இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடயத்தை விரிவாக ஆராய்கின்றது. வலயத்திலிருந்து அகற்றப்பட்டோர் ஏறத்தாழ 40,000 பேர் என அவர் மதிப்பிடுகின்றார். நீர்தான் மக்களை வெளியேற்றியது எனும் நம்பிக்கை, அரசியல் முடிவொன்றை இயற்கையின் செயலாகக் காட்டிவிட்டது என்பது அவரது ஆய்வின் சாரம். ஆற்றோரத்தே நகராட்சியும் தேர்தலும் கண்ட ஊர்கள் இருந்தன என்பது மறக்கப்பட்டு, அமெரிக்கர் வெறுங்காட்டினுள் நுழைந்து நாகரிகம் படைத்தனர் என்னும் கதை நிலைபெற்றது. காடு மீண்டும் வளர்ந்து ஊர்களை மூடியமை அக்கதைக்குச் சான்றாகவும் காட்டப்பட்டது.

இந்தப் பின்னணியிலேயே குரங்குகளின் வரலாறு தொடங்குகின்றது. நீர் ஏறியபோது தனிமைப்பட்ட குன்றுகளுட் பெரியது பரோ கொலராடோ. ஏறத்தாழ 1,560 ஹெக்ரேயர் பரப்புடைய அத்தீவு 1923 ஏப்பிரலில் உயிரியல் ஆய்வுக்கென ஒதுக்கப்பட்டது. பூச்சியியலாளர் ஜேம்ஸ் செற்றெக் முப்பதாண்டுகளுக்கு மேல் அதனைப் பரிபாலித்தார். 1946இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் அதன் பொறுப்பை ஏற்றது. மக்களை வெளியேற்றிய அதே அதிகாரமே இக்காட்டைப் பாதுகாக்கவும் செய்தது. இவ்விரு செயல்களுள் ஒன்றை மட்டும் எடுத்து மற்றதை விடுதல் வரலாறாகாது.

1931இன் இறுதியில் கிளாரென்ஸ் கார்ப்பென்ரர் என்னும் இளம் உளவியலாளர் இத்தீவுக்கு வந்தார். குரங்கினங்களின் சமூக வாழ்க்கை பற்றி அதுவரை கூறப்பட்டவற்றுட் பெரும்பகுதி விலங்குக் காட்சிச்சாலைகளிற் கண்டவற்றையே ஆதாரமாகக் கொண்டிருந்தது. இலண்டன் காட்சிச்சாலையில் அடைக்கப்பட்டிருந்த பபூன்களின் கொடிய சண்டைகளை அவதானித்துச் சொலி சக்கர்மன் 1932இல் வெளியிட்ட நூல் அத்தகையது. கார்ப்பென்ரர் ஊளைக் குரங்குகளைக் காட்டிலே பின்தொடர்ந்து, கூட்டங் கூட்டமாக எண்ணி, அவற்றின் நடத்தையை நாள்தோறும் குறித்தார். இரு கூட்டங்கள் எதிர்ப்படும்போது பெரும்பாலும் கைகலப்பு நிகழ்வதில்லை. முழக்கத்தினாலேயே எல்லை தீர்க்கப்படுகின்றது என்பதை அவர் கண்டார். 1934இல் வெளிவந்த அவரது ஆய்வு, குரங்கினங்களைக் களத்தில் ஆராயும் துறைக்கு அடிக்கல்லாயிற்று. சிறைப்பட்ட விலங்கின் நடத்தையை அதன் இயல்பெனக் கொள்ளலாகாது என்னும் படிப்பினை அதனால் வலுப்பெற்றது.

1932இல் அவர் 23 கூட்டங்களில் ஏறத்தாழ 400 ஊளைக் குரங்குகளைக் கணக்கிட்டார். 1940களின் இறுதியில் பனாமாவில் மஞ்சட் காய்ச்சல் மீண்டும் பரவியது. 1951இல் எடுக்கப்பட்ட கணக்கில் ஏறத்தாழ 240 குரங்குகளே காணப்பட்டன. கால்வாய்த் தொழிலாளரைக் கொன்ற அதே நோய் குரங்குகளையும் விட்டுவைக்கவில்லை எனக் கருத இடமுண்டு. சிலந்திக் குரங்குகளோ வேட்டையினால் அத்தீவில் முன்னரே அற்றுப்போயிருந்தன. 1959 தொடக்கம் சில ஆண்டுகள் குட்டிகள் கொண்டுவந்து விடப்பட்டன. அவற்றுள் ஒரு சிலவே தப்பின. இன்று தீவிற் காணப்படும் சிலந்திக் குரங்குகள் அவற்றின் வழிவந்தவை. தீவாகத் துண்டிக்கப்பட்டமையால் அங்கு வாழ்ந்த பறவையினங்கள் பல மறைந்தமையும் பின்னைய ஆய்வுகளிற் புலனாயிற்று. தீவின் காட்டில் ஏறத்தாழ அரைப்பங்கே முதுகாடு. எஞ்சியது முன்னர் வெட்டப்பட்டுப் பின்னர் வளர்ந்தது. ஆகவே, விஞ்ஞானிகள் மிகுதியாக ஆராய்ந்த இவ்வயனமண்டலக் காட்டிலும் மனிதனின் கைபடாத தொடக்கம் என்று ஒன்றைத் தேடிக் காணல் அரிது.

1977இல் கைச்சாத்தான உடன்படிக்கைகளின்படி 1979இல் கால்வாய் வலயம் ஒழிக்கப்பட்டது; 1999 டிசெம்பர் 31இல் கால்வாய் முழுவதும் பனாமாவின் கைக்கு வந்தது. அதன் பின்னர் வாவியின் கரைகள் சுற்றுலாவுக்குப் பரவலாகத் திறந்தன. குரங்குகளைக் காட்டிப் பிழைப்போர் பலர். அவர்தம் பிழைப்பை இகழ்வதற்கில்லை. எனினும் பழத்தை நீட்டிக் குரங்கைப் படகுக்கு அழைக்கும் வழக்கம் கவலைக்குரியது. கையிலிருந்து உண்ணப் பழகிய குரங்கு மனிதனை அஞ்சுவதை விடுகின்றது. கடிக்கவும் பறிக்கவும் முற்படுகின்றது. நோய்கள் இருபாலும் தொற்ற வழி பிறக்கின்றது. காட்சிச்சாலைக் கூண்டை விட்டுக் காட்டுக்குச் சென்று கார்ப்பென்ரர் கற்ற பாடத்தை, அதே வாவியிற் பழத்துண்டொன்று தலைகீழாக்கிவிடுகின்றது.

வாவியின் வரலாறு முடிந்த கதையுமன்று. ஒவ்வொரு கப்பலும் பழைய நீரடைப்புகளினூடாகப் பூசந்தியைக் கடக்க ஏறத்தாழ 20 கோடி லீற்றர் நன்னீர் கடலுக்குச் செல்கின்றது. பனாமிய மக்களுட் பெரும்பகுதியினருக்குக் குடிநீர் அளிப்பதும் இவ்வாவியும் இதனோடு இணைந்த நீர்த்தேக்கமுமே. 2023இல் மழை பொய்த்தபோது, நாளொன்றுக்கு 36ஐ அண்டிச் சென்ற கப்பல்களின் தொகை ஆண்டிறுதியில் 24க்கும் குறைந்தது. அதன் விளைவாக இந்தியோ ஆற்றில் புதிய அணை கட்டும் திட்டம் வலுப்பெற்றது. அத்திட்டம் நிறைவேறின் அப்பள்ளத்தாக்கிலிருந்து 2,000 பேருக்கு மேல் இடம்பெயர நேரும் எனக் கூறப்படுகின்றது. அங்குள்ள விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்துள்ளனர். 1912இல் சாக்ரெஸ் பள்ளத்தாக்கு மக்களின் கருத்தைக் கேட்டறிய எவரும் முற்படவில்லை. இன்றைய பள்ளத்தாக்கு மக்களின் குரல் எத்துணை மதிக்கப்படும் என்பதே இப்போதைய வினா.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை தெளிவாகின்றது. கத்தூன் வாவியின் காடும் குரங்குகளும் பொய்யல்ல. அவற்றைக் காத்தமையும் பயனற்ற செயலன்று. ஆனால் அக்காட்சியை ஆதி இயற்கை எனக் கொள்வோமாயின், அதனை ஆக்கிய அணையும், அணையைக் கட்டிய கறுப்பினத் தொழிலாளரும், ஆணையொன்றினால் அகற்றப்பட்ட நாற்பதினாயிரம் மக்களும் நம் கண்ணுக்கு மறைந்துவிடுவர். வறட்சிக் காலத்தில் வாவி வற்றும்போது, நூறாண்டுக்கு முன் அமிழ்ந்த மரங்களின் அடிக்கட்டைகள் இன்றும் நீருக்கு மேலே தலைகாட்டுகின்றன. குரங்குகளைக் காணச் செல்லும் படகுகள் அவற்றிலே மோதாதவாறு விலகிச் செல்கின்றன. வரலாற்று மாணவன் விலகிச் செல்லாது அவற்றின் அருகே நின்று, அவை எதன் சான்றுகள் என வினவுதல் கடனாகும்.