சாக முடிவெடுத்தவரைத் தடுக்கேலாதா?

முரசுமோட்டையில் வளர்ந்த ஆக்களுக்கு இந்தக் காட்சி புதுசில்லை. பரந்தன் - முல்லைத்தீவு வீதியால் இறங்கினால் இரணைமடுத் தண்ணி பாயிற வயல். வீட்டுக்குப் பின்னால ஒரு கொட்டில். அதுக்குள்ள மண்வெட்டி, உரப்பை, மருந்தடிக்கிற மெசின், போன போகத்தில் மிஞ்சின மருந்து. ஊரில் யாரும் உயிரை மாய்த்துக்கொண்டால் செத்தவீட்டுப் பந்தலுக்குள்ள ஒரு கதை கட்டாயம் வரும்: "சாக முடிவெடுத்தவனை ஆர் தடுக்கிறது? இண்டைக்கு இல்லாட்டி நாளைக்கு."

நானும் அதை நம்பித்தான் வளர்ந்தேன். ஆனால் எங்கட நாட்டின் வரலாறு அதைப் பொய் எண்டு சொல்லுது.

1950ஆம் ஆண்டளவில் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஆறேழு பேர்தான் தற்கொலையால் இறந்தார்கள். 1995இல் அது 47. உலகத்திலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. போர் நடந்த வடக்கின் கணக்கு இதுக்குள்ள முழுசா இல்லை. இடையில் என்ன நடந்தது? கோபம், அவமானம், காதல் தோல்வி, கடன் எல்லாம் முந்தியும் இருந்ததுதான். பசுமைப் புரட்சியோட பயிர்மருந்து ஒவ்வொரு விவசாயி வீட்டுக்குள்ளயும் வந்ததுதான் புதுசு. கிராமப்புற இலங்கையில், இப்படித் தப்பிப் பிழைத்தவர்களிடம் ஆய்வாளர்கள் கேட்டார்கள். அரைவாசிக்கு மேற்பட்டவர்கள் அரை மணித்தியாலம்கூட யோசிக்கவில்லை. ஒரு அலை அடிக்கிற நேரம், அவ்வளவுதான்.

1980இல் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1984இலிருந்து அதிக நஞ்சுள்ள மருந்துகளைப் படிப்படியாக நிறுத்தத் தொடங்கினார்கள். 1995இல் மிக நஞ்சான வகையில் மிச்சமிருந்தவையும், 2008 முதல் 2011 வரை இன்னும் சிலவும் போயின. 1996 - 2005 காலத்தில், அதுக்கு முந்தின பத்து வருசத்தை விடத் தற்கொலை மரணங்கள் ஏறக்குறைய 20,000 குறைவு. 2015 வரைக்கும் காப்பாற்றப்பட்ட உயிர்கள் சுமார் 93,000 எண்டு மதிப்பிடுகிறார்கள். நெல் விளைச்சலும் விழவில்லை.

பந்தல் கதை உண்மையெண்டால், இந்த ஆக்கள் எல்லாரும் அடுத்த நாள் வேற வழியால் செத்திருக்க வேணும். சாகேல்லை. எங்களைப் போல வயலுக்குப் போயிருப்பினம், கலியாணம் கட்டியிருப்பினம், பேரப்பிள்ளைகளைத் தூக்கியிருப்பினம்.

இதோட இன்னொரு வரலாறும் இருக்கு. 1998 வரை இலங்கையில் தற்கொலைக்கு முயல்வது குற்றம். தண்டனைச் சட்டக்கோவையின் 302ஆம் பிரிவின்படி ஒரு வருசம்வரை சிறை. தப்பினவருக்கு ஆறுதல் வேண்டியிருக்கும்போது சட்டம் அவரைக் குற்றவாளி எண்டது. அந்தக் காலத்திலேயே, 1974இல், கொழும்பில் சுமித்திரயோ தொடங்கியது. தீர்ப்புச் சொல்லாமல் கேட்கிறதுதான் அவர்களின் வேலை. 1998இல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. ஆனால் எங்கட வாயிலயிருந்து அது இன்னும் போகேல்லை. "கோழை", "குடும்பத்தை யோசிக்கேல்லை" எண்டு நாங்களே தீர்ப்பு எழுதுறம்.

வன்னிக்கு இது ஏன் முக்கியம்? 2009க்குப் பிறகு திரும்பி வந்த எங்கட சனம் வீட்டைக் கட்டிச்சுது, வயலை விதைச்சுது. காணாமல் போன பிள்ளையைப் பற்றி ஆரோட கதைக்கிறது எண்டுதான் தெரியேல்லை. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதைக் கூட்டு மனவடு எண்டு எழுதினார். காயப்பட்டது தனி ஆள் மட்டுமில்லை, குடும்பமும் ஊரும்தான். அப்ப ஆறுறதும் சேர்ந்துதான்.

இதைப் படிப்புக்காக மட்டும் எழுதவில்லை. இரண்டாம் வருசத்தில் எனக்கும் அந்த யோசனை வந்தது. அறைத்தோழி ஒருத்தி சுத்தி வளைக்காமல் கேட்டாள்: "சாகோணும் எண்டு யோசிக்கிறியாடி?" அப்பதான் அழுதேன். அண்டிரவு அவள் என்னைத் தனிய விடேல்லை. விடிய டொக்டரிட்டயும் கூடவே வந்தாள். நேராகக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்திடும் எண்டு பயப்பிட வேண்டாம். அப்படி வராது எண்டு ஆய்வுகள் சொல்லுது. எனக்கு அந்தக் கேள்விதான் கதவு.

வீட்டில் நடந்ததைச் சொன்னபிறகு, அப்பா மிஞ்சின மருந்தைக் கொட்டிலில் வைக்கிறதை விட்டிட்டார். ஒண்டும் சொல்லேல்லை. ஆனால் எனக்கு விளங்கினது.

உங்களுக்கு இப்ப அந்த அலை அடிக்குதெண்டால், தனிய இருக்காதேங்கோ. பக்கத்தில் இருக்கிற ஒரு ஆளிட்டச் சொல்லுங்கோ. 1926க்கு எடுங்கோ, தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம்.

அடுத்த முறை பந்தலுக்குள்ள அந்தக் கதை வந்தால் நான் பேசாமல் இருக்கமாட்டேன். தடுக்கலாம். இந்த நாடு தடுத்திருக்கு. என்னையும் ஒருத்தி தடுத்தாள்.