இரண்டாங்கைக் கார்

ஜேர்மனியில் விற்பனைக்கு நிற்கும் மூன்று வயதான ஒரு பொர்ஷே 911இன் விலையையும், அதே வருடத்து, அதே அளவு ஓடிய இன்னொரு 911க்கு ஒஸ்லோவில் கேட்கும் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எங்கள் பிள்ளைகள் இந்தக் கணக்கை அடிக்கடி பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, நோர்வே வியாபாரி கொள்ளையடிக்கிறான் என்று முடிவுகட்டுகிறார்கள். அந்த வித்தியாசத்தில் வியாபாரியின் கைக்குப் போவது சிறிய பங்குதான். மிச்சம் முழுவதும் எழுபது வருடங்களுக்கு மேலாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட சட்டங்களின் விலை. அந்தக் கதை இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்களைக் கண்டிக்கும் பெரியவர்களுக்கும் தெரியாது.

கதை போர் முடிந்த காலத்தில் தொடங்குகிறது. 1945இல் நாசிகள் வெளியேறியபோது நோர்வேயிடம் அந்நியச் செலாவணி மிகக் குறைவாகவே இருந்தது. கடலில் மூழ்கிய வணிகக் கப்பல்களுக்குப் பதிலாகப் புதிய கப்பல்கள் வாங்க வேண்டும். எரிந்துபோன வடக்கைத் திரும்பக் கட்ட வேண்டும். தனியார் கார் என்பது பட்டியலின் கடைசியில் இருந்த பொருள். ஆகவே கார் வாங்க அரச அனுமதிப் பத்திரம் தேவைப்பட்டது. மருத்துவர், தொழிலுக்குக் கார் இல்லாமல் முடியாது என்று நிரூபிக்கக்கூடியவர் போன்றோருக்கு அது கிடைத்தது. மற்றவர்கள் காத்திருந்தார்கள். இந்தக் கட்டுப்பாடு 1960 ஒக்டோபர் 1 அன்றுதான் முற்றாக நீங்கியது. இன்று உலகத்திலேயே வசதியான நாடுகளில் ஒன்றாக நாம் அறிந்திருக்கும் இந்த நாட்டில், போர் முடிந்து பதினைந்து வருடங்கள் வரை, கையில் காசு இருந்தாலும் விரும்பிய காரை வாங்க முடியவில்லை.

ஒரு குறுக்குவழி இருந்தது. சோவியத் யூனியனும் கிழக்கு ஐரோப்பிய நாடுகளும் நோர்வேயின் மீனை வாங்கின. பதிலுக்குக் கார்களை அனுப்பின. மொஸ்க்விச், பொபேதா, ஸ்கோடா போன்ற அந்தக் கார்களுக்கு அனுமதி எளிதாகக் கிடைத்தது. மேற்கத்தேய கூட்டணியில் இருந்த ஒரு நாட்டின் தெருக்களில் மொஸ்கோவில் செய்த கார்கள் ஓடியதற்குக் காரணம் அரசியல் அல்ல, மீன்.

தட்டுப்பாடு வந்தால் பழைய பொருளுக்கு மவுசு வரும். புதிய காருக்கு அனுமதி வேண்டும் என்ற காலத்தில், ஏற்கெனவே பதிவான ஒரு பழைய காரின் பெறுமதி அதன் இரும்பிலும் எந்திரத்திலும் மட்டும் இருக்கவில்லை. அதற்குள் ஓர் அனுமதிப் பத்திரமும் மறைந்திருந்தது. இந்தியாவில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அம்பாசடருக்கும் பிரீமியர் பத்மினிக்கும் வருடக்கணக்கில் காத்திருந்த காலத்தில், ஓடிய காருக்குப் புதிய காரைவிடக் கூடுதலாகக் கொடுத்து வாங்கியவர்கள் அங்கே பலர்.

இந்தக் கட்டுப்பாட்டுக்கு நடுவில் நோர்வே தனக்கென்று ஒரு ஸ்போர்ட்ஸ் காரையும் செய்து பார்த்தது. 1956இல் தெலமார்க் மாவட்டத்தின் லுண்ட என்ற சிற்றூரில் 'ட்ரோல்' என்ற கார் பிறந்தது. உடல் கண்ணாடி இழையால் ஆனது. உள்ளே ஜேர்மன் குட்புரோட் நிறுவனத்தின் இரண்டு உருளை எந்திரம். வடிவம் இன்றைக்கும் அழகுதான். ஐந்தே ஐந்து கார்கள் செய்தார்கள். அத்தோடு தொழிற்சாலை நின்றுவிட்டது. மக்கள் கார் வாங்குவதையே தடுத்து வைத்திருந்த ஓர் அரசின் கீழ் உள்ளூர்க் கார் ஒன்று எப்படிப் பிழைக்கும்?

அதே 1956இல்தான் யாழ்ப்பாணத்தவரான அன்ரனி இராஜேந்திரம் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தார். நோர்வேக்கு வந்த முதல் தமிழர் என்று சொல்லப்படுபவர். அவருக்கு வேண்டியிருந்ததும் மீன்தான்: மீன்பிடித் தொழிலைக் கற்று ஊருக்குக் கொண்டுபோவது. 1967இல் உருவான சீநோர் நிறுவனமும் காரைநகர்ப் படகுத் தளமும் அந்த ஆசையின் விளைவு. பின்னர் எண்பதுகளில் வந்த எங்கள் ஆட்கள் பலர் வடக்கே பின்மார்க்கின் மீன் ஆலைகளில் நின்று மீன் வெட்டினார்கள். பெரும்பாலானோர் பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கினார்கள். இந்த நாட்டின் கார் வரலாற்றிலும் எங்கள் குடியேற்ற வரலாற்றிலும் மீன் வாசம் ஒரே அளவுக்கு அடிக்கிறது என்று நான் நண்பர்களுக்குச் சொல்வதுண்டு. அவர்கள் சிரிப்பதில்லை.

இனி வரிக்கு வருவோம். கார் முதன்முறை பதிவாகும்போது செலுத்தும் ஒருமுறை வரி 1955இல் வந்தது. ஆரம்பத்தில் அது காரின் விலையைப் பொறுத்தது. விலையைப் பொறுத்த வரியில் உள்ள ஓட்டை எல்லாருக்கும் தெரியும்: கடதாசியில் விலையைக் குறைத்தால் வரியும் குறையும். 1996இல் முறை மாறியது. எடை, எந்திரத்தின் கொள்ளளவு, குதிரைவலு ஆகிய மூன்றும் வரியைத் தீர்மானித்தன. பொய் சொல்ல முடியாத மூன்று எண்கள். ஒரு பெராரிக்கோ லம்போர்கினிக்கோ இது கொடிய கணக்கு. அந்தக் கார்களை அந்தக் கார்களாக ஆக்குவதே கொள்ளளவும் குதிரைவலுவும்தானே. வரி மட்டும் பத்து லட்சம் குரோனரைத் தாண்டுவது அப்போது அதிசயம் இல்லை. 2007இல் கொள்ளளவின் இடத்துக்குக் கரியமில வாயு வந்தது. 2012இல் நைதரசன் ஒட்சைட்டு சேர்ந்தது. 2017இல் குதிரைவலுவுக்கான பகுதி நீக்கப்பட்டது. ஆனால் பெரிய எந்திரம் அதிகம் புகை விடும், ஆகவே கரியமில வாயுப் பகுதியிலேயே அது பிடிபட்டுவிடும்.

இந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான். முதலில் அந்நியச் செலாவணியைக் காக்க என்றார்கள். பிறகு ஆடம்பரத்துக்கு வரி என்றார்கள். பிறகு காற்றைக் காக்க என்றார்கள். காரணம் மூன்று தடவை மாறியது. வேகமான கார் வாங்குபவன் அதிகம் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் மாறவே இல்லை.

இந்த இடத்தில்தான் 'அதிகம் ஓடாத பழைய கார்' என்ற வகை முக்கியமாகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் பழைய காருக்கு அதன் வயதுக்கு ஏற்ப ஒருமுறை வரியில் கழிவு உண்டு. 25 வீதப் பெறுமதி சேர் வரி தனி. ஆகவே வாங்குபவர் காரின் விலை குறைவதற்கு மட்டுமல்ல, காரின் வயது ஏறுவதற்கும் காத்திருக்கிறார். நான் கணினித் துறையில் இருப்பவன். எனக்கு இந்த வரி நன்றாக எழுதப்பட்ட ஒரு நிரல்போலத் தெரியும். நான்கு வயதான என் 911ஐ ஸ்டுட்காட் பக்கத்திலிருந்து கொண்டுவர முன்னர் ஒரு வாரம் அந்த நிரலோடு விளையாடினேன். கனமான இருக்கை கூடினால் வரி எவ்வளவு கூடும்? அளவீட்டு முறை மாறியதால் வரும் வேறுபாடு என்ன? 2020 ஜனவரியில் நோர்வே புகையை அளக்கும் புதிய முறைக்கு மாறியது. அதில் எண்கள் பொதுவாகக் கூடுதலாக வரும்.

உள்நாட்டில் வாங்கினால் கணக்கு வேறு. ஏற்கெனவே நோர்வேயில் பதிவான காரைக் கைமாற்றும்போது பெறுமதி சேர் வரி இல்லை, பெயர் மாற்றும் கட்டணம் மட்டும்தான். ஆனால் முதல் உடைமையாளர் அரசுக்குக் கட்டிய வரியின் மிச்சம் காரின் விலைக்குள் ஒளிந்திருக்கிறது. அந்த மிச்சத்தையும் சேர்த்துத்தான் நீங்கள் வாங்குகிறீர்கள். ஐம்பதுகளின் பழைய காருக்குள் அனுமதிப் பத்திரம் மறைந்திருந்ததுபோல இன்றைய பழைய காருக்குள் வரி மறைந்திருக்கிறது. கடனும் மறைந்திருக்கலாம். பிறன்னொய்சுண்டில் உள்ள பதிவகத்தில் காரின் மேல் கடன் பதிவாகியிருந்தால் அது காரோடு சேர்ந்து உங்களிடம் வந்துவிடும். காசு கொடுக்க முன்னர் அதைப் பார்க்காமல் யாரும் கை குலுக்க வேண்டாம்.

ஒப்பிட்டுப் பார்க்க இந்தியாவிலிருந்து ஓர் உதாரணம் உண்டு. சச்சின் டெண்டுல்கர் பிராட்மனின் 29 சதங்களைச் சமன் செய்ததற்காக ஒரு பெராரி 360 மொடெனா அவருக்குப் பரிசாகக் கிடைத்தது. இறக்குமதித் தீர்வையை அரசு தள்ளுபடி செய்ய, எதிர்ப்பு கிளம்பி, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் தீர்வையை ஃபியட் நிறுவனமே கட்டியது. அந்தக் காரை 2011இல் சூரத்தைச் சேர்ந்த ஒரு தொழிலதிபர் வாங்கினார். அவரும் ஓர் இரண்டாங்கைப் பெராரிதான் வாங்கினார், ஆனால் அவர் கொடுத்த காசு எதற்கு என்று நமக்கெல்லாம் தெரியும். நோர்வேயில் சலுகை கேட்க ஆள் கிடையாது. சூத்திரம்தான் பேசும்.

அந்தச் சூத்திரத்தையே உடைத்தவர்கள் இரண்டு இசைக்கலைஞர்களும் ஒரு சூழலியலாளரும். 1989இல் பெலோனா அமைப்பின் பிரெடெரிக் ஹவுகவும் 'ஆ-ஹா' இசைக்குழுவின் மொர்டன் ஹார்கெட்டும் மங்னெ பூருஹொல்மனும் மின்சாரத்துக்கு மாற்றிய ஒரு ஃபியட் பாண்டாவைக் கொண்டுவந்தார்கள். சுங்கச் சாவடியில் காசு கட்ட மறுத்து ஓடித் திரிந்தார்கள். 1990இல் மின்சாரக் காருக்கு ஒருமுறை வரி நீங்கியது, 2001இல் பெறுமதி சேர் வரியும் நீங்கியது. அப்போது அது சின்னஞ்சிறு பெட்டிக் கார்களுக்கான சலுகை, யாரும் பொறாமைப்படவில்லை. 2013இல் டெஸ்லா மொடல் எஸ் வந்தது. அவ்வருடம் செப்டம்பரில் நோர்வேயில் ஆகக் கூடுதலாக விற்ற கார் அதுதான். குதிரைவலுவுக்கு இன்னும் வரி வாங்கிக்கொண்டிருந்த அரசு, பழைய பெராரியைச் சிக்னலில் பின்தள்ளும் காருக்கு வரியே வாங்காமல் விட்டது. 2023இல் ஐந்து லட்சம் குரோனருக்கு மேற்பட்ட தொகைக்குப் பெறுமதி சேர் வரி வந்தது. அதற்குள் காரியம் முடிந்துவிட்டது: 2024இல் விற்ற புதிய கார்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 89 மின்சாரம்.

பெற்றோல் எந்திரம் பின்னால் உறுமும் ஒரு காரை இன்று வாங்குவது, ஆகவே, முடிந்துபோன ஒரு யுகத்தின் கடைசிப் பொருட்களில் ஒன்றை வாங்குவது. நெடுஞ்சாலையின் உச்ச வேகம் மணிக்கு 110 கிலோமீற்றர். வருடத்தில் பாதி பனி. நியாயம் கேட்டால் நியாயம் கிடையாது.

எங்கள் பெரியவர்கள் கேட்பதும் அதைத்தான். "இந்தக் காசுக்கு ஊரில் ஒரு வீடு கட்டலாமே தம்பி." அந்தக் கேள்வியைக் கஞ்சத்தனம் என்று தள்ளிவிட முடியாது. அவர்களுடைய கார் அனுபவம் வேறு. யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனரும் ஒஸ்டின் ஏ-40உம் ஐம்பதுகளிலிருந்து கைமாறிக் கைமாறி ஓடின. எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை. பெற்றோல் வர விடவில்லை. மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள், எந்திரத்தை எழுப்ப மட்டும் ஊசிக்குழாயில் கொஞ்சம் பெற்றோல். கல்யாண வீட்டுக்கும் ஆசுப்பத்திரிக்கும் அந்தக் கார்களே போயின. அங்கே பழைய காரை அதிகம் ஓடியதா, குறைவாக ஓடியதா என்று யாரும் கேட்டதில்லை. ஓடுமா என்றுதான் கேட்டார்கள். அந்தப் புகையை மூக்கால் அறிந்தவர்களுக்கு ஆறு உருளைப் பெற்றோல் எந்திரம் வெறும் அலங்காரமாகத் தெரிவதில் வியப்பில்லை.

நோர்வேக்காரரிடமிருந்தும் ஒரு கண்டிப்பு வருகிறது. அது வாயால் வராது. அக்செல் சாண்டமோச 1933இல் ஒரு நாவலில் எழுதிய 'யான்தெ விதிகள்', உன்னை மற்றவனைவிட உயர்வாக நினைக்காதே என்ற அந்த ஊர்ச் சட்டம், இன்னும் அடுக்குமாடிகளின் கார்த் தரிப்பிடத்தில் உயிரோடு இருக்கிறது. வருமானம் பகிரங்கமாக இருக்கும் நாடு இது. யார் எவ்வளவு உழைத்தார் என்பதை வரிப் பட்டியலில் பார்க்கலாம், பார்த்தவரின் பெயர் பார்க்கப்பட்டவருக்குத் தெரியும் என்பது 2014க்குப் பின் வந்த நாகரிகம். கறுப்புத் தோலோடு மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காரில் இறங்கும் இளைஞனைக் குறூருட்டாலனில் பார்க்கும் பார்வையும் ஆகர் புறூக்கவில் பார்க்கும் பார்வையும் ஒன்றல்ல. அவன் அதைத் தெரிந்துகொண்டுதான் வாங்குகிறான். அரசு கேட்ட வரியை ஒரு ஓர குறையாமல் கட்டிய ஒருவன் அந்தப் பார்வைக்கும் தனியாக வரி கட்ட வேண்டியதில்லை என்பது என் கட்சி.

மிகப் பழைய காருக்கு ஒருமுறை வரி பெயரளவுக்குத்தான். எக்கபெர்க் மேட்டில் பழைய வாகனச் சந்தை கூடும்போது அப்படிப்பட்ட கார்கள் வரிசையில் நிற்கும். கடந்த வருடம் அங்கே ஒரு மொறிஸ் மைனர் விலைக்கு நின்றது. குளிர்காலத்தில் ஒருநாளும் வெளியே எடுத்ததில்லை, எந்திரம் ஆலையில் வந்தபடியே இருக்கிறது என்றார் சொந்தக்காரர். மண்ணெண்ணெயில் ஓட்டிப் பார்த்ததுண்டா என்று கேட்டேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார். நான் மூடியைத் திறந்து, கார்பரேற்றரில் எந்த இடத்தில் ஊசியை வைப்பார்கள் என்று காட்டினேன்.